காருக்கு அடியில் உப்பு

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஊரின் தெருக்களுக்குக் கீழே, ஆயிரத்து நூறு அடிக்கும் அதிகமான ஆழத்தில், இன்னொரு ஊரே இருக்கிறது. உப்புச் சுரங்கம்! 1910-ல் வேலையை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அதன் பரப்பு 1,500 ஏக்கருக்கும் மேல். உள்ளேயே லாரி ஓடும். மேலே காரைப் பெற்றெடுக்கிறார்கள். கீழே அதே காருக்கு எமனைத் தோண்டி எடுக்கிறார்கள்.

உப்பு எப்படி எமனாகும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

பனி நாடுகளில் குளிர்காலம் வந்தால் சாலை கண்ணாடி மாதிரி வழுக்கும். உப்பைத் தூவினால் பனி இளகிவிடும். 1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம்தான் முதன்முதலாக இதை ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் மொத்த அமெரிக்க நெடுஞ்சாலைகளிலும் விழுந்த உப்பு 5,000 டன். இப்போது வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன்! மனிதர்கள் தப்பித்தார்கள். கார்கள் மாட்டிக்கொண்டன.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் போதும். அந்தத் தண்ணீரில் உப்பும் சேர்ந்துவிட்டால் மின்சாரம் சுலபமாகக் கடத்தும். காரின் அடித்தகடு ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். ஒரு முனையில் இரும்பு கரைந்துகொண்டே இருக்கும். துரு இருக்கிறதே, அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிற வஸ்து. பெயின்ட்டைக் கீழிருந்து நெம்பித் தூக்கிவிடும். உப்புச் சேறோடு வந்த காரைக் கதகதப்பான ஷெட்டில் நிறுத்துவது இன்னும் மோசம். வெளியே பனியில் கிடந்தாலாவது துரு கொஞ்சம் தூங்கும்!

இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. ஆரம்பகாலக் கார்களுக்குக் கீழே கட்டில் சட்டம் மாதிரி கனமான சேஸிஸ் இருந்தது. கொஞ்சம் துருப்பிடித்தாலும் தாங்கும். 1922-ல் இத்தாலியின் லான்சியா நிறுவனம் ‘லாம்ப்டா’ என்றொரு காரைக் காட்டியது. சட்டமே தனியாகக் கிடையாது, உடம்பே பாரத்தைச் சுமக்கும். (லான்சியா... பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.) நாளடைவில் ஊர்பட்ட கார்கள் இந்த வழிக்கு வந்தன. எடை குறைந்தது, விலை குறைந்தது. ஆனால், மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பெட்டிகள்தான் இப்போது காரின் எலும்பு. அந்தப் பெட்டிகளுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே எலும்பு உளுத்துப்போகும்.

கம்பெனிகள் என்ன செய்தன? ரொம்ப நாளைக்கு ஒன்றுமே செய்யவில்லை. துருவா, அது உங்கள் பாடு, உங்கள் ஊர் சீதோஷ்ணம். நான் பி.காம். படித்தவன், கணக்காகவே யோசிக்கிறேன். துருவின் செலவு முழுக்க வாங்கினவன் பேரேட்டில் விழும்போது, விற்றவன் எதற்காகத் துத்தநாகம் வாங்குவான்?

அந்தச் சந்தில் கடை போட்டவர் கர்ட் ஸீபார்ட். ஜெர்மனியில் பிறந்த மெக்கானிக். 1959-ல், வேறெங்கே, அதே டெட்ராய்ட்டில்! புதுக் காரில் ஆங்காங்கே துளை போட்டு, பெட்டிகளுக்குள் பாதுகாப்புப் பூச்சைப் பீய்ச்சி, துளையை மூடிக் கொடுத்தார். கார்க்காரர்கள் தலைநகரத்திலேயே கார்க்காரர்கள் செய்யாமல் விட்ட வேலையைச் செய்து பிழைத்த ஆசாமி. பிழைத்தது மட்டுமா, அவர் பெயரில் பல நாடுகளில் கடைகள் வந்துவிட்டன.

அந்த நாட்களில் மலிவான இன்னொரு வைத்தியம், அடியில் தார் மாதிரி கெட்டியாகப் பூசிவிடுவது. புதிதில் பிரமாதம். சில வருஷத்தில் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே குடித்தனம் நடத்தும். மேலே கறுப்பாக லட்சணம், உள்ளே பொடிப்பொடியாகத் துரு! மெழுகு, எண்ணெய் வகைப் பூச்சுகள் அவ்வளவு அழகில்லை. ஆனால் இளகலாக இருப்பதால் இடுக்குகளில் பரவும்.

இத்தனைக்கும் நல்ல மருந்து எப்போதோ தயார். 1824-லேயே இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பலின் செம்புத் தகட்டில் இரும்பையோ துத்தநாகத்தையோ ஒட்டவைத்தால், செம்பைக் காப்பாற்றிவிட்டு அது கரைந்துபோகும் என்று நிரூபித்தார். செம்பு பிழைத்தது. ஆனால் அரிக்காத செம்பில் கடல் சிப்பிகள் சௌகரியமாக ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. டேவிக்கு ஏகக் கேலி, பாவம். 1837-ல் பிரான்ஸில் சோரெல் என்பவர் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் காப்புரிமை வாங்கினார். உங்கள் வீட்டு ஜி.ஐ. பைப் இருக்கிறதே, அந்த சமாசாரம்தான். வாளிக்கும் பைப்புக்கும் கிடைத்த மரியாதை காருக்குக் கிடைக்கத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது லான்சியா. 1972-ல் ‘பீட்டா’ வந்தது. அழகான கார், பிரிட்டனில் நன்றாகவே விற்றது. சில வருஷத்தில் என்ஜினைத் தாங்கும் கீழ்ச்சட்டம் உடம்போடு சேருகிற இடத்தில் துரு. என்ஜின் தொங்கினால் ஸ்டியரிங் என்னாவது? 1980-ல் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கம்பெனி கார்களைக் கூப்பிட்டுச் சோதித்து, தேறாதவற்றைத் திரும்ப வாங்கி நொறுக்கியது. ரஷ்யாவின் மட்ட இரும்பு என்றொரு வதந்தி. லான்சியாவை வாங்கியிருந்த ஃபியட், சோவியத்துக்குத் தொழிற்சாலை கட்டிக் கொடுத்ததை வைத்து யாரோ ஜோடித்த கதை. அசிங்கப்பட்டது ஆரம்பக் கார்கள்தான். ஆனால் பெயர் மொத்தமாகப் போச்சு. 1994-ல் பிரிட்டனைவிட்டே கிளம்பிவிட்டார்கள்.

போர்ஷே 1975-லேயே 911-ன் உடம்பைத் துத்தநாகம் பூசிய இரும்பில் செய்ய ஆரம்பித்திருந்தது. 1985-ல் ஆடி, முழு உடம்புக்கும் துத்தநாகம் என்றது. துருவுக்கு வருஷக் கணக்கில் வாரன்டி என்பது சகஜமானது. செலவு பேரேட்டில் பக்கம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

முடிந்ததா என்றால் இல்லை. டொயோட்டாவின் டகோமா டிரக்குகளில் சேஸிஸே ஓட்டை விழுந்தது. 2008-ல் 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு 15 வருஷ வாரன்டி கொடுத்து, தேறாத வண்டிகளைச் சந்தை மதிப்பைப்போல ஒன்றரை மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். பிந்தைய மாடல்களுக்காக 2016-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்ட சமரசம், 340 கோடி டாலர் வரை!

நம்மூரில் சாலையில் உப்பு தூவுவதில்லை. கடல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. நான் முதலில் வாங்கிய பழைய கார், கடற்கரை ஓரத்து வீட்டில் வளர்ந்தது. மேலே மணப்பெண் அலங்காரம். மூன்றாம் மாசம் மிதியடியைத் தூக்கினால் கீழே ரோடு தெரிந்தது. அதிலிருந்து யார் பழைய கார் பார்க்கக் கூப்பிட்டாலும் டார்ச்சோடுதான் போகிறேன். சட்டை அழுக்கானால் ஆகட்டும் என்று அடியில் படுத்து, ஜாக்கி வைக்கிற இடத்தை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பேன். ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் எழுந்துவிடுவேன். கதவுக்குக் கீழே தண்ணீர் வடிகிற துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று குச்சியால் குத்திப் பார்ப்பேன். அடியில் மட்டும் நேற்றுப் பூசினது மாதிரி புத்தம்புதுக் கறுப்பு இருந்தால், விலை பேசுவதற்கு முன்னால் அதைச் சுரண்டிக் காட்டச் சொல்வேன். இதுவரை இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.