குளத்தை மூடியவர்கள்

மகத் குளத்தில் 1927-இல் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்த தண்ணீரின் வரலாறு நமக்குத் தெரியும். அமெரிக்காவுக்கும் அப்படியொரு தண்ணீர் வரலாறு உண்டு. அங்கே அது நகராட்சி நீச்சல்குளங்களில் நடந்தது.

1949 ஜூன் 21. செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தில் முதன்முறையாகக் கறுப்பினச் சிறுவர்கள் வெள்ளைச் சிறுவர்களோடு இறங்கினார்கள். வெளியே திரண்ட வெள்ளையர் கூட்டம் இரவுவரை கறுப்பின மக்களை அடித்தது. அன்றே மேயர் பழைய பிரிவினையைத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நீதிமன்ற ஆணையால் குளம் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் வெள்ளையரில் பெரும்பாலோர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அலபாமாவின் மாண்ட்கமரி நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. பூங்காக்களில் பிரிவினை கூடாது என்று கறுப்பின மக்கள் வழக்குத் தொடுத்ததும், 1959 ஜனவரி 1 முதல் எல்லாப் பூங்காக்களையும் மூடியது. ஓக் பூங்காவின் குளத்தை மண் கொட்டி நிரப்பியது. பூங்காக்கள் 1965-இல் திறந்தன. அந்தக் குளம் திரும்பவே இல்லை. வசதியுள்ள வெள்ளையர் தனியார் கிளப்புகளைத் தேடிப் போனார்கள். ஏழை வெள்ளையரின் பிள்ளைக்கும் கோடையில் குளம் இல்லாமல் போனது. அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகத் தன் பிள்ளையின் குளத்தையும் இழக்கச் சம்மதிப்பதுதான் நிறவெறி. சாதிவெறியும் அதுதான்.

சட்டம் மட்டும் போதுமா? மிசிசிப்பியின் ஜாக்சன் நகரமும் குளங்களை மூடியது. இரு தரப்புக்கும் சேர்த்தே மூடியதால் அது பாகுபாடு ஆகாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் தீர்ப்பளித்தார்கள்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா? 1969-இல் ஃபிரெட் ராஜர்ஸ் என்ற வெள்ளையர், தன் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கறுப்பினக் கலைஞர் ஃபிரான்சுவா கிளெம்மன்ஸைத் தன்னோடு சிறு தொட்டியில் கால் நனைக்க அழைத்தார். ஒரே தண்ணீர், ஒரே துண்டு. நெஞ்சைத் தொடும் காட்சிதான். ஆனால் ஒரு தொட்டி ஊர்க்குளத்துக்கு ஈடாகாது.

பொது இடத்தை மூடவிடாமல் போராட வேண்டும். திறந்தபின் எல்லோரும் சேர்ந்து இறங்கும் பழக்கத்தையும் வளர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பிளவு நீடிக்கும்.

2023-இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்தபோது, நமக்கு மாண்ட்கமரிதான் நினைவுக்கு வந்தது. பூட்டு சமாதானம் ஆகாது. தோழர்களே, ‘பிரச்சினை வேண்டாம்’ என்று உங்கள் ஊரில் பூட்டிவைத்த பொது இடம் எது? அங்கிருந்து தொடங்குவோம்.