கோடையைத் தேடும் நார்சிசஸ்



சீனப் பெருநாள் நெருங்கும்போது பட்டணத்துக் கடைகளில் ஆழமில்லாத பீங்கான் தட்டு ஒன்றைக் கண்டிருப்பீர்கள். தட்டு நிறையக் கூழாங்கல். கல்லுக்கிடையே பெரிய வெங்காயம் போன்ற கிழங்கு. அதன் தலையில் நீண்ட இலைகளும், வெள்ளை இதழ் விரித்து நடுவில் மஞ்சள் கிண்ணம் ஏந்திய பூங்கொத்தும். மண்ணில்லை, உரமில்லை, தண்ணீர் மட்டுமே. சீனர் இதனைச் சுய்சியன் என்பர். நீரில் வாழும் தேவர் என்பது பொருள். தாவர நூலார் இட்ட பெயர் நார்சிசஸ். இச்செடி வேண்டும் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதை அதன் வரலாற்றின் வழியே இன்று காண்போம்.

ஒரு பெருநாள் முடிந்த வாரம், பூ வாடிய கிழங்கொன்றைப் பட்டணத்துக் கடைக்காரர் நம் தோட்டப்பள்ளிக்குக் கொடுத்தனுப்பினார். பள்ளி வளவில் அதனை நட்டோம். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பொறுப்பேற்றான். பால்வெட்டுக்குப் போகும் தாயோடு விடியலில் எழுந்து, ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் வந்து நீர் ஊற்றினான். இலை பழுத்தது, ஊற்றினான். இலை மடிந்தது, அப்போதும் ஊற்றினான். அடுத்த பெருநாளுக்கு முன் தோண்டிப் பார்த்தபோது கிழங்கு பழுப்பேறிக் கூழாகிக் கிடந்தது. “நான் ஒரு நாளும் மறக்கலையே சார்” என்று அழுதான். அவனுக்குச் சொல்ல அன்று நம்மிடம் விடை இல்லை. தேடியபோதுதான், அது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது.

தாங் மரபினர் சீனத்தை ஆண்ட 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்னும் அறிஞர் பலவகைச் செய்திகளைத் தொகுத்து ஒரு நூல் செய்தார். ஃபூலின் நாட்டுச் செடி ஒன்றை அதில் விவரிக்கிறார். ஃபூலின் என்பது கிழக்கு உரோமானியப் பேரரசு. கிழங்கு வாத்து முட்டை அளவாம், இலை பூண்டின் இலை போன்றதாம், பூவுக்கு ஆறு இதழாம், விதை கிடையாதாம். அவர் தரும் பெயரும் பாரசீகரின் ‘நர்கிஸ்’ என்னும் சொல்லை ஒத்திருப்பதால், அது நார்சிசஸே என்று அறிஞர் கொள்வர். குறிப்பின் முடிவில், அச்செடி குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் மடிவது என்றும் சொல்லி வைத்தார். நம் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

நார்சிசஸின் பிறப்பிடம் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடையோ சுடும்; மழை அரிது. ஆகவே குளிரிலும் ஈரத்திலும் இலைவிட்டுப் பூத்து, உணவைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டு, கோடை முழுவதும் வறண்ட மண்ணில் உறங்குகிறது. வெளியே உறக்கம், உள்ளேயோ வேலை நடக்கிறது. சுய்சியன் இனத்தின் அடுத்த ஆண்டுப் பூமொட்டு, 25 முதல் 30 பாகை வெப்பத்தில் உலர்ந்து கிடக்கும் அந்த மாதங்களில்தான் கிழங்குக்குள் உருவாகிறது. பிறகு 10 முதல் 15 பாகைக் குளிர்ச்சியில் திடமாக வளர்கிறது. மஞ்சள் குழல்போல் பூக்கும் ஐரோப்பிய வகைகளின் வழக்கம் வேறு. அவற்றுக்கு 9 பாகை அளவில் பல வாரக் குளிர் கட்டாயம் வேண்டும்.

சீனத்தில் இக்கிழங்குக்குப் பேர்பெற்ற ஊர் ஃபூஜியான் மாநிலத்துச் சாங்சௌ. நம் நாட்டு ஹொக்கியன் மக்களில் பலரின் முன்னோர் வாழ்ந்த வட்டாரம் அது. அங்கே குளிர்காலம் இதமானது. ஆனால் கோடையில் மழை உண்டு. உழவர் என்ன செய்தனர்? கோடைத் தொடக்கத்தில் கிழங்கைத் தோண்டி, வெயிலில் உலர்த்தி, காற்றோட்டமான கொட்டகையில் அடுக்கினர். இலையுதிர் காலத்தில் மீண்டும் நட்டனர். இவ்வாறு மூன்றாண்டு பாடுபட்டே விற்பனைக் கிழங்கைப் பெறுகின்றனர். மத்தியதரைக் கோடையையே கூரைக்கடியில் உண்டாக்கிவிட்டார்கள் என்றால் மிகையாகாது. விதையில்லாச் செடியாதலால், வாழைக்கன்றுபோல் பக்கத்தில் வெடிக்கும் சிறு கிழங்கைக் கொண்டே அதனைப் பெருக்கி வருகின்றனர்.

உறங்கும் கிழங்கு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை இங்கிலாந்தில் ஓர் இளைஞர் கண்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் நுண்புழு ஒன்று அந்நாட்டு நார்சிசஸ் வயல்களை அழித்து வந்தது. விஸ்லி தோட்டத்தில் ஆராய்ந்த ஜேம்ஸ் ராம்ஸ்பாட்டம், ஏறத்தாழ 43 பாகை வெந்நீரில் கிழங்கைச் சில மணி நேரம் ஊறவைத்தால் புழு சாகும், கிழங்கு பிழைக்கும் என்று 1917இல் அறிவித்தார். வேர்விட்டு விழித்துக்கொண்ட கிழங்கு இதனைத் தாங்காது.

நம் நாட்டுக்கு வருவோம். தாழ்நிலங்களில் வெப்பம் பெரும்பாலும் 24 முதல் 32 பாகை. காற்றின் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியது. கடைக்கு வரும் கிழங்கு பூவை வயிற்றில் சுமந்தே வருகிறது. ஆதலால் இங்கேயும் ஒருமுறை மலர்ந்துவிடும். வெக்கையில் இலை ஓங்கி வளர்ந்து சாயும். பூவும் சில நாளே நிற்கும். பெருநாளன்று மலர்ந்தால் ஆண்டு முழுவதும் நற்பேறு என்பது சீனர் நம்பிக்கை. அப்பெருநாளோ சனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே ஆண்டுதோறும் நகர்வது. எனவே மொட்டு முந்தினால் குளிர்நீர், பிந்தினால் வெதுவெதுப்பான நீர் என்று நாளெண்ணிப் பார்க்கிறார்கள்.

கேமரன் மலையில் நட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். அங்கே குளிர்ச்சி உண்டு. ஆனால் மழை ஓயாத மலை அது. கிழங்குக்கு வேண்டிய வறண்ட வெயில் மாதங்கள் அங்கே ஏது? நம் மாணவனின் கிழங்குக்கும் குறைந்தது குளிர் மட்டுமன்று. இலை மடிந்தபின் அவன் நீரை நிறுத்தியிருக்க வேண்டும். அதை நாம் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுவருடம் புதுக்கிழங்கு வாங்கி அவனிடமே தந்தோம். வகுப்பறைச் சன்னலோரம் தட்டில் வைத்து, நாள்தோறும் இலையை அடிக்கோலால் அளந்து எழுதினான். சாய்ந்த இலைகளைக் கடைக்காரர் செய்வதுபோல் சிவப்பு நூலால் கட்டினான். பூத்தது. வாடியபின் நாங்களே அதனை அப்புறப்படுத்தினோம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்: இக்கிழங்கு நஞ்சுடையது, உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பார்வைக்கு வெங்காயமேயாதலால், அடுப்படிக் கூடையருகே வைக்காதீர்கள்.