ஃபியூஸ் போனதால் பிழைத்தவர்கள்: தெராக்-25 கதை

இந்த எபிசோட்ல ஒரு மெஷினோட கதை. பேரு தெராக்-25. இன்ஜினியரிங் படிக்கிறவங்க இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கலாம். ‘சாஃப்ட்வேர் பக் ஆளைக் கொன்ன கதை’ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா அதே பக் முந்தைய மாடல்லயும் இருந்துச்சு. அங்க யாரும் சாகலை. ஏன்? அதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி.

தெராக்-25 புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் கருவி. கனடா அரசு நிறுவனமான ஏஇசிஎல் தயாரித்தது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6 என மொத்தம் 11 கருவிகள் நிறுவப்பட்டன. கட்டி தோலுக்கு அருகில் இருந்தால் எலக்ட்ரான் கற்றை, ஆழத்தில் இருந்தால் எக்ஸ்-ரே. எக்ஸ்-ரே வேண்டுமென்றால் கற்றையின் வலிமையைச் சுமார் 100 மடங்கு கூட்டி, ஒரு உலோகத் தகட்டில் மோதவிட வேண்டும். எந்த நேரத்தில் எது கற்றைக்குக் குறுக்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு சுழல்தட்டு பார்த்துக்கொள்ளும். இப்போ யோசிச்சுப் பாருங்க: கற்றை 100 மடங்கு வலிமையில வருது, நடுவுல தகடு இல்லை. அத்தனையும் நேரா நோயாளி மேலதான்.

முந்தைய மாடலான தெராக்-20இல் இதைத் தடுக்கத் தனி மின்சுற்றுகளும் இன்டர்லாக்குகளும் இருந்தன. சுழல்தட்டு சரியான இடத்தில் இல்லையென்றால் கற்றையே வராது. கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் சரி. தெராக்-25இல் அவற்றில் பலவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பை பிடிபி-11 கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேரிடம் கொடுத்தார்கள். பழைய மாடல்களின் கோடும் அதில் மறுபடி பயன்பட்டது. 1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வு, சாஃப்ட்வேர் பிழைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கம்ப்யூட்டர் தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுக்க 10,000 கோடியில் ஒரு வாய்ப்பு என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை.

1986 மார்ச் 21, டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரம். ஆபரேட்டர் எலக்ட்ரானுக்கு ‘இ’ அடிப்பதற்குப் பதிலாக எக்ஸ்-ரேவுக்கான ‘எக்ஸ்’ அடித்துவிட்டார். உடனே கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். பழகிய கை, வேகமாக முடிந்தது. கற்றையை இயக்கியதும் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. கையேட்டில் அதற்கு விளக்கம் கிடையாது. நோயாளிக்குப் போன அளவு மிகக் குறைவு என்று திரை காட்டியது. இந்த மாதிரி மெசேஜ்கள் தினமும் வர்றதுதான். தொடரச் சொல்லும் ‘பி’ விசையை அழுத்தினார். உள்ளே இருந்தவர் முதல் அடியிலேயே துடித்து எழ முயன்றுகொண்டிருந்தார். இரண்டாவதும் விழுந்தது. அறையின் இன்டர்காம் அன்று வேலை செய்யவில்லை. அவருக்குத் தர வேண்டியது 180 ராட். விழுந்தது 16,500இலிருந்து 25,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னால் கணித்தார்கள். ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

அதிக அளவு கதிர்வீச்சு விழ வாய்ப்பே இல்லை, மின்சார அதிர்ச்சியாக இருக்கலாம் என்றது நிறுவனம். சோதித்ததில் மின்கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. ஏப்ரல் 7 அன்று கருவி மறுபடி ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11 அன்று அதே ஆபரேட்டர், அதே திருத்தம், அதே 54. அந்த நோயாளி மூன்று வாரத்தில் இறந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது நிறுவனம் அல்ல. மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் அந்த ஆபரேட்டரோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப டைப் செய்து பார்த்தார். வேகம்தான் சாவி. கருவியின் காந்தங்கள் அமைய சுமார் 8 விநாடி ஆகும். அதற்குள் திருத்தி முடித்தால் திரையில் மாற்றம் தெரியும், ஆனால் உள்ளே ஒரு பகுதி பழைய கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாக டைப் செய்து சோதித்தவர்களுக்கு இது தென்படவே இல்லை.

சரி, இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தெராக்-20 இருந்தது. புது பேட்ச் மாணவர்கள் வந்து அதைத் தொட ஆரம்பித்தாலே அடிக்கடி ஃபியூஸ் போகும். கொஞ்ச நாளில் குறைந்துவிடும். டைலர் செய்தி வந்த பிறகு அங்கிருந்த இயற்பியலாளர் இதை ஆராய்ந்தார். மாணவர்கள் தப்பும் தவறுமாக டைப் செய்து திருத்தும்போது அதே பக் கிளம்பியிருக்கிறது. இன்டர்லாக் கற்றையை நிறுத்த, ஃபியூஸ் போயிருக்கிறது. அதைத் தொல்லையாகப் பார்த்தார்கள், மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ‘சாஃப்ட்வேர் நல்லா ஓடுது’ன்னு எல்லாரும் நம்பினதுக்குக் காரணமே அந்த ஃபியூஸ்தான். அது தடுத்த விபத்து எதுவும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பக் தெரிந்ததும் நிறுவனம் அனுப்பிய முதல் தீர்வு என்ன தெரியுமா? மேல்நோக்கிய அம்புக்குறி விசையைப் பிடுங்கிவிட்டு, அடியில் உள்ள தொடர்பை இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டச் சொன்னார்கள். அமெரிக்க எஃப்டிஏ அதை ஏற்கவில்லை. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமாவில் இன்னொரு நோயாளி மீது அதிகக் கதிர்வீச்சு விழுந்தது. இந்த முறை வேறு பக். ஒரு பைட் அளவுள்ள எண்ணிக்கை 255ஐத் தாண்டும்போது பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் ‘சோதனை தேவையில்லை’ என்று எடுத்துக்கொண்டு சுழல்தட்டைப் பார்க்காமலே விட்டுவிடும். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை மொத்தம் ஆறு விபத்துகள். குறைந்தது மூன்று பேர் கதிர்வீச்சாலேயே இறந்தார்கள். கடைசியில் ஒப்புக்கொண்ட திருத்தத் திட்டத்தில், கம்ப்யூட்டரை நம்பாமல் தனியாக இயங்கி கற்றையை நிறுத்தும் ஹார்ட்வேர் பாதுகாப்பும் சேர்ந்தது.

நாளைக்கு நீங்க ஒரு கம்பெனியில டிசைன் ரிவ்யூவில உட்காருவீங்க. செலவைக் குறைக்க யாராவது ஒரு பாகத்தைக் காட்டி, ‘இது சும்மாதானே இருக்கு, எடுத்துடலாமே’ன்னு கேட்பாங்க. அப்போ அந்த பாகத்தோட சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்குங்க. எத்தனை முறை டிரிப் ஆச்சு, எத்தனை ஃபியூஸ் மாத்தினாங்க, அப்போ மெஷினை யார் ஓட்டிட்டிருந்தாங்கன்னு பாருங்க. அதைப் பார்த்துட்டு எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.