வயலுக்குப் பிறந்த கணினி

கணினி என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவு வருவது ரயில் முன்பதிவு கவுண்டரும், வங்கியின் குளிரூட்டிய அறையும்தான். இன்று நான் எழுதப்போவது வேறொன்றைப் பற்றி. உள்ளங்கை அளவு பச்சை அட்டை. அதன் மேல் சில சில்லுகள், ஓரத்தில் வரிசையாக ஊசிமுனைகள். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, மூடி வைக்க ஒரு பெட்டிகூடக் கிடையாது. ஆனாலும் அது முழுக் கணினி. ஒற்றை அட்டைக் கணினி என்கிறார்கள். மழைமானியையோ, ஏரியின் நீர்மட்டம் பார்க்கும் கருவியையோ அந்த ஊசிகளில் இணைத்துவிட்டால், அளவெடுத்து அலைபேசி வலை வழியாக வெளியூருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். இதன் பூர்வீகம் ஐம்பது வருஷத்துக்கு முந்தையது. தொடங்கிய இடமோ விவசாய ஆராய்ச்சி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் கணினிக்கு 'ஓர்தினாத்தர்' என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரான்சுக் கிளை கேட்டுக்கொண்டதற்காக, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துகிறவன் என்று பொருள். ஆங்கிலச் சொல் கணக்குப் போடுகிறது. பிரெஞ்சுச் சொல் அடுக்கி வைக்கிறது. கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அந்தப் பிரான்சில் 'இன்ரா' என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1972-ல் ஒரு தேவை வந்தது. பயிரும் மண்ணும் காற்றில் எவ்வளவு நீரை இழக்கின்றன என்று வயலிலேயே வைத்து அளக்க வேண்டும். அதற்குத் தோதான அமெரிக்கக் கணினியின் விலை கட்டுப்படியாகவில்லை. ஆர்.2.இ. என்ற சிறு கம்பெனி அதைவிட மலிவாகச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டது. சைகோனில் பிறந்த அந்திரே திரியோங் அதன் தலைவர். பிரான்சுவா ழெர்னெல் என்ற பொறியாளர், அப்போது புதிதாக வந்திருந்த இன்டெல் 8008 என்ற ஒரே சில்லை வைத்துக் கணினியை வடிவமைத்தார். 1973 தொடக்கத்தில் அது தயாரானது. பெயர் மிக்ரால் என். விலை 8,500 பிராங்க். அதற்கும் திரையோ விசைப்பலகையோ இல்லை. முன்பக்கத்தில் சுவிட்சுகள் மட்டுமே.

நுண்செயலியை வைத்து முழுமையாகச் செய்து விற்கப்பட்ட முதல் கணினி இதுவே என்று 1986-ல் பாஸ்டன் கணினி அருங்காட்சியகத்தின் நடுவர் குழு தீர்மானித்தது. ஆக, சிறு கணினி பிறந்தது கணக்கு எழுதவும் இல்லை, படம் பார்க்கவும் இல்லை. ஆள் காவல் நிற்க முடியாத வயலில் ஈரத்தை அளக்கப் பிறந்தது. பிறகு அது மேசைக்கு வந்து, திரையும் விசைப்பலகையும் சேர்த்துக்கொண்டு, வயலை மறந்துபோனது.

திரும்பிப் போக நாற்பது வருஷம் ஆயிற்று. கேம்பிரிட்ஜில் கணினி படிக்க வரும் பிள்ளைகள் குறைகிறார்களே என்ற கவலையில், எபன் அப்டன் என்பவரும் நண்பர்களும் மலிவான அட்டை ஒன்றை உருவாக்கினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. 85-க்கு 56 மில்லிமீட்டர். 35 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,700 ரூபாய். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்ததை உலகமெங்கும் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் மாட்டினார்கள்.

நம் பக்கத்திலும் வேலை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற பெயரில் செயலிகளை வடிவமைத்தார்கள். யாரும் உரிமைத்தொகை கட்டாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதிதான் அதற்கு அடிப்படை. 2020-ல் அவர்கள் வெளியிட்ட சில்லு, இப்படி வலையில் இணையும் சிறு கருவிகளுக்கென்றே செய்தது. அதற்கு 'மௌஷிக்' என்று பெயர். பிள்ளையாரின் வாகனம் ஞாபகத்துக்கு வருகிறதல்லவா? சில்லைச் செய்தது மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகம். அட்டையைச் செய்தது பெங்களூரு. சென்னையில் பொருத்தி இயக்கிப் பார்த்தார்கள்.

இதெல்லாம் கடலூர்க்காரர்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த வருவாய்த் துறையிலிருந்தே சொல்கிறேன்.

தாலுகா அலுவலக வளாகத்தில் மழைமானி இருக்கும். காலை 8.30 மணிக்கு ஒருவர் போய், சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். பிறகு மாவட்டத் தலைநகருக்குத் தகவல் போகும். நமது 8.30 என்பது கிரீன்விச் நேரப்படி 3 மணி. உலகமெங்கும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் ராத்திரி பெய்த மழை காலையில்தான் பதிவேட்டுக்கு வரும். அதற்குள் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும்.

2015 நவம்பர் 9-ஐ மறக்க முடியுமா? 24 மணி நேரத்தில் நெய்வேலியில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் கொண்டுபோயிற்று. மழை எவ்வளவு என்று மறுநாள் தெரிவதால், வாய்க்கால் ஓரம் தூங்குகிறவருக்கு என்ன லாபம்?

தானியங்கி மழைமானி அங்கேதான் உதவுகிறது. உள்ளே இரண்டு சிறு கிண்ணிகள், ஏற்றப் பலகை மாதிரி. ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வந்து நீரை வாங்கும். ஒவ்வொரு சாய்வையும் அட்டை எண்ணுகிறது, எண்ணிக்கையை அனுப்புகிறது. பெய்கிறபோதே வேகம் தெரிந்துவிடும். இந்த மாதிரி 1,400 மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் வைக்கத் தமிழக அரசு திட்டம் போட்டது.

ஆனால் அட்டை எண்ணத்தான் செய்யும், கதவைத் தட்டாது. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். நமக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவர் கிராமம் தப்பியது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையம் நடத்திவந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி தெரிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரையே எச்சரித்தார்கள். வீடும் படகும் போயின, உயிர்கள் போகவில்லை.

ஆகவே மழைமானியை எண்ணுகிற அளவுக்கு ஒலிபெருக்கியையும் எண்ண வேண்டும். அளவு வந்து சேரும் அறையில் ராத்திரி யார் விழித்திருக்கிறார், அவர் யாரைக் கூப்பிடுவார், மின்சாரம் நின்றுபோனால் ஒலிபெருக்கிக்கு பேட்டரி உண்டா என்பதெல்லாம் ஐப்பசிக்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய விஷயங்கள். கிராமசபையில் கேட்கலாம். நம் வயதில் நமக்கு அதற்கு நேரமும் இருக்கிறது.