நான்காயிரம் அதிகாரிகள்



வேர்சாய் உடன்படிக்கையைப் படிப்பிக்கும்போது நாம் பெரும்பாலும் ஜேர்மனி இழந்த நிலத்தையும் கட்ட வேண்டியிருந்த நட்டஈட்டையும் சொல்லி முடித்துவிடுகிறோம். இராணுவத்தைப் பற்றி, ஒரு இலட்சம் பேருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற ஒரு வரியோடு சரி. அதே விதியில் இன்னொரு எண்ணும் உண்டு: அந்த ஒரு இலட்சத்தில் அதிகாரிகள் 4,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இன்று அந்த எண்ணைப் பற்றிப் பேசுவோம்.

நவீன இராணுவம் ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. மேலே, அரசின் நியமனம் பெற்ற அதிகாரிகள். கீழே சிப்பாய்களும், அவர்களுக்குள்ளிருந்தே உயர்ந்து வரும் கோப்ரல்களும் சார்ஜன்ட்களும். இந்த இரண்டுக்கும் இடையிலான விகிதம் காலத்துக்குக் காலம் மாறும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கப் படைகளில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒரு அதிகாரி இருந்தார். இன்று ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. விமானங்களும் தொழில்நுட்பமும் தலைமையகங்களும் பெருகியது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

1919 ஜூன் 28இல் கையெழுத்தான வேர்சாய் உடன்படிக்கை ஜேர்மனிக்கு விதித்தது 24 பேருக்கு ஒரு அதிகாரி. சிப்பாயை விரைவில் உருவாக்கலாம். அதிகாரியை உருவாக்கப் பல வருடங்கள் வேண்டும். ஆகவே அதிகாரிகளைக் குறைத்தால் அந்த இராணுவம் மீண்டும் பெருக முடியாது என்று வெற்றி பெற்ற நாடுகள் கணக்குப் போட்டன.

அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருந்தது. 1808இல் நெப்போலியன் பிரஷ்யாவின் படையை 42,000 பேராகச் சுருக்கினார். பிரஷ்யர்கள் ஒரு தொகுதியினரைப் பயிற்றி வீட்டுக்கு அனுப்பி, அடுத்த தொகுதியினரை எடுத்தார்கள். 1813இல் நெப்போலியனுக்கு எதிராகப் போருக்கு வந்தவர்களில் அப்படிப் பயின்றவர்களும் இருந்தார்கள். அது மீண்டும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் சிப்பாய் 12 வருடமும் புதிய அதிகாரி 25 வருடமும் தொடர்ந்து சேவை செய்ய வேண்டும் என்று வேர்சாயில் எழுதினார்கள். கட்டாய இராணுவ சேவையும் பெரும் பொதுப் பணியாளர் தலைமையகமும் ஒழிக்கப்பட்டன.

ஆனால் 1920 முதல் 1926 வரை அந்தச் சிறிய இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் வொன் சீக்ட், இந்த விதிகளையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். 12 வருடம் இருக்கப் போகிறவனுக்கு எவ்வளவோ கற்றுக்கொடுக்கலாம். ஒவ்வொருவரும் தனக்கு மேலே உள்ளவரின் வேலையையும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பயிற்சி அளித்தார். ஒரு அதிகாரி உருவாக ஏறத்தாழ நான்கு வருடங்கள் பிடித்தன. உடன்படிக்கை அதிகாரிகளை எண்ணியதே தவிர, சார்ஜன்ட்களையும் கோப்ரல்களையும் சிப்பாய்களோடு ஒன்றாகவே சேர்த்துக் கணக்கிட்டது. அந்த இடைவெளியில் தலைமை தாங்கத் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் உருவானார்கள். ஒழிக்கப்பட்ட தலைமையகத்தின் வேலைகள் வேறொரு பெயரில் தொடர்ந்தன.

1935 மார்ச் 16இல் ஹிட்லர் கட்டாய சேவையை மீண்டும் அறிவித்தார். பத்து டிவிஷன்களாக இருந்த படை 36 ஆக உயரும் என்றார். நான்காயிரம் பேர் அதற்குப் போதவே இல்லை. ஓய்வு பெற்றவர்களைத் திருப்பி அழைத்தார்கள், பொலிஸிலிருந்து எடுத்தார்கள், சார்ஜன்ட்களை அதிகாரிகளாக்கினார்கள். 1939இல் ஏறத்தாழ நூறு டிவிஷன்கள் நின்றன. ரொமெல், குடேரியன், மான்ஸ்டைன் எல்லோரும் அந்தச் சிறிய இராணுவத்தில் இருந்து வந்தவர்களே.

சீக்டின் திறமையைப் புகழ்ந்து இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நாம் அப்படி நிறுத்தக் கூடாது. 1920 மார்ச்சில் ஒரு கூட்டம் பேர்லினைக் கைப்பற்றிக் குடியரசைக் கவிழ்க்க முயன்றபோது, கலகப் படையினர் மீது சுடுவதற்கு இராணுவத்தை அனுப்ப சீக்ட் மறுத்தார். அவருடைய இராணுவம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று சொல்லிக்கொண்டது. சிப்பாய்களுக்கு வாக்குரிமையும் இல்லை. உண்மையில் அது குடியரசைத் தன்னுடையதாக நினைக்கவே இல்லை. 1934 ஓகஸ்ட் 2இல் ஜனாதிபதி ஹின்டென்பர்க் இறந்த அன்றே, அந்த இராணுவம் ஹிட்லர் என்ற தனி மனிதருக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிவைச் சத்தியம் செய்தது. பின்னர் அந்த இராணுவத்தின் பிடியில் சுமார் 30 இலட்சம் சோவியத் போர்க் கைதிகள் பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கிச் சூட்டாலும் இறந்தார்கள். 1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்ல முயன்ற சில அதிகாரிகளும் இருந்தார்கள். மிகப் பலரோ செய்த சத்தியத்தைக் காரணம் காட்டி ஒதுங்கி நின்றார்கள்.

வெற்றி பெற்ற நாடுகள் தலைகளை எண்ணின. அந்தத் தலைகளுக்குள் என்ன போதிக்கப்படுகிறது, அவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை எந்த விகிதமும் காட்டாது. உயர்ந்த பயிற்சி பெற்ற ஒருவன் தப்பான கட்டளையையும் மிகத் திறமையாக நிறைவேற்றுவான்.

பதவி ஓர் அமானிதம் என்று நாம் நம்புகிறோம். திறமையை வளர்ப்பதுடன் நமது வேலை முடிந்துவிட்டதாக ஆசிரியர்களாகிய நாம் நினைத்தால், சீக்ட் செய்ததற்கும் நாம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? அடுத்த முறை வேர்சாயைப் படிப்பிக்கும்போது அந்த 4,000 என்ற எண்ணையும் கரும்பலகையில் எழுதுவோம். அதற்குப் பிறகு நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.