கொன்றது யார் என்று சொல்ல மாட்டேன்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போது மரக்காணத்தில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பாத்தி பாத்தியாக உப்பளம். அதைத் தாண்டினால் மணல், அப்புறம் வங்கக்கடல். நடுவில் மறிக்க ஒன்றுமே கிடையாது! சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அன்றைக்கு வணிகக் கப்பல்களுக்குத் திறந்திருந்த வாசல் இந்தக் கரை. 1942-ல் இந்தத் திறந்த வாசல்தான் பயமே!

ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் குண்டு போட்டது ஜப்பான். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ம் தேதி திருகோணமலை. அடுத்தது நாம்தான் என்று சென்னையே மூட்டை கட்டியது. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. கூண்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று, மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். ஆனால், ஜப்பான்காரன் வரவில்லை. 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை விமானம் வந்து, துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

அந்த இரவுக்கு மறுநாள் நடக்கும் கதைதான் 1954-ல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’. எனக்குப் பிடித்த சஸ்பென்ஸ் படம் எது என்று யார் கேட்டாலும், யோசிக்காமல் நான் சொல்லும் பெயர். இயக்கியவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர். வேடிக்கையைப் பாருங்கள்... சங்கீதக்காரர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது! டான்ஸ், சண்டையும் இல்லை. ‘பராசக்தி’யில் வசனம் பேசிக் கைதட்டல் வாங்கிய சிவாஜி, முதல் காட்சியிலேயே குண்டடி பட்டுச் சாகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். சி.ஐ.டி. ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, கதை மாறிக்கொண்டே போகிறது. குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த பாதிப்பு. வெளியானபோது படம் சரியாக ஓடவில்லை. பாட்டில்லாத படத்துக்கு நம் ஜனங்கள் பழகியிருக்கவில்லையே!

கொன்றது யார்? சொல்ல மாட்டேன். செத்தவன் யார் என்பதை மட்டும் சொல்கிறேன். ராஜன் ஒரு ரேடியோ இன்ஜினீயர். மலிவு விலையில் ரேடியோ செய்யத் தெரிந்தும், ஆதரிக்க ஆளில்லை என்ற ஆத்திரம் அவனுக்கு. அந்த ஆத்திரத்தில் ஜப்பானுக்கு உளவாளியாகிறான்.

இங்கே நிஜக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் குண்டு விழுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 1943 செப்டம்பர் 10 அன்று, சென்னைச் சிறையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டது பிரிட்டிஷ் அரசு. வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர பர்தன், ஃபௌஜா சிங். இந்திய விடுதலைக்காகப் பினாங்கில் பயிற்சி பெற்று, ரகசியமாக அனுப்பப்பட்டவர்கள். காதரும் அனந்தனும் வந்து இறங்கியது மலபாரின் தானூர் கரையில். அதுவும் அன்றைய சென்னை மாகாணம்தான். கோர்ட் அவர்களுக்கு வைத்த பெயர், ‘எதிரியின் ஏஜென்ட்’. இன்று நாம் சொல்வது, ‘தியாகி’!

ஜப்பானுக்கு உதவியது ராஜனும்தான். அவன் மட்டும் ஏன் வில்லன்? காதர் போன்றவர்கள் நாட்டுக்காக உயிரைக் கொடுத்தார்கள். ராஜன் தன் கோபத்துக்காக நாட்டைக் கொடுத்தான் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆனால், திறமைசாலி ஒருவனை அலைக்கழித்தவர்களுக்கும் அதில் பங்கில்லையா என்ற கேள்வி படம் முடிந்த பிறகும் விடுவதில்லை. கொலைகாரர் யார் என்று தெரிந்த பிறகும் நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான்.

பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். பார்த்தவர்கள் தயவுசெய்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள்!