நிலமும் உழைப்பும்: ஹட்டன் முதல் பட்டிப்பொல வரை

ஒரு நாட்டின் வரலாற்றைக் கட்டளைச் சட்டங்களிலும் ஆளுநர்களின் அறிக்கைகளிலும் மட்டுமே தேடுவது நம்மிடையே நெடுநாளாக வேரூன்றிவிட்ட வழக்கமாகும். நிலம் யாருக்கு விற்கப்பட்டது என்பதை அவ்வேடுகள் கூறும். அந்நிலத்திற்கு மதிப்பைத் தேடிக் கொடுத்தவர் யார் என்பதைக் கூறமாட்டா. பின்னதை அறிய விரும்புவோர் பாதைகளையும் ஏடுகளாகப் படிக்கப் பழகவேண்டும். காலையில் ஹட்டனில் புறப்பட்டு, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, அம்பேவெல வழியாக மாலைக்குள் பட்டிப்பொலவை அடையும் மலைப்பாதை அத்தகையதோர் ஏடு. அப்பாதையில் ஒரு பகல் பயணம் செய்த நாம், வழியில் கண்டவற்றையும் அவற்றின் பின்னே நிற்கும் வரலாற்றையும் இங்கு தொகுத்துக் கூற முற்படுகின்றோம்.

ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள ஹட்டனைச் சூழ்ந்த சரிவுகள் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையாகத் தெரிகின்றன. இயற்கை ஒருபோதும் இவ்வாறு ஒரே செடியை வரிசை பிடித்து நடுவதில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இக்காட்சியின் தோற்றுவாய். உரிமையை எழுத்தில் நிறுவ முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அச்சட்டம் கொண்டது. மலைநாட்டுச் சிங்களக் குடியானவன் சேனைப் பயிர் செய்த மேட்டு நிலமும், அவனுடைய மாடுகள் மேய்ந்த புல்நிலமும் இவ்வாறே அரசின் கைக்குச் சென்றன. தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு அந்நிலத்தை வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தர்களும் இராணுவ அதிகாரிகளும் முன்னணியில் நின்றனர்.

நிலம் கிடைத்தது, காட்டை வெட்டக் கைகள் வேண்டும். வறுமையும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் வாட்டிய தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கொலராவாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். கோப்பித் தோட்டங்களை உண்டாக்கியவர்களும், கோப்பியைக் கீழே கொண்டு செல்லப் பாதைகளை வெட்டியவர்களும் இவர்களே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, துரைமார் சிலர் நொடித்தனர். வேறு சிலர் தேயிலைக்கு மாறினர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்ட 19 ஏக்கர் தேயிலை அவர்களுக்கு வழிகாட்டியது. பயிர் மாறியது, முதலாளி மாறினான், லயன் காம்பரா மாத்திரம் மாறவில்லை. சிங்களக் குடியானவன் இழந்த நிலத்தில் ஒரு பிடியையேனும் தமிழ்த் தொழிலாளி பெறவில்லை என்னும் உண்மை இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒருவன் பறிகொடுத்தான், மற்றவன் அதன்மீது கூலிக்கு உழைத்தான், பயனை மூன்றாமவன் அடைந்தான். இவ்வெளிய உண்மையை மறைத்து இருவரையும் பகைவராக்கிய அரசியலே பின்னர் இந்நாட்டை ஆட்டிப் படைத்தது.

கொட்டகலையைக் கடந்து தலவாக்கலையை நெருங்கும்போது இவ்வரசியலின் தடங்கள் தெளிவாகின்றன. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. தலவாக்கலையின் பிரதிநிதியாக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அம்மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் விதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. மந்தையைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த அவ்வேற்பாட்டில் அம்மனிதரின் விருப்பம் முதலிடம் பெறவில்லை. உறவுகளைப் பிரித்துச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே அழைத்தனர்.

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975இன் திருத்தச் சட்டமும் முற்போக்காளர் பலரால் வரவேற்கப்பட்டவை. அந்நியக் கம்பனிகளின் பிடி தளர்ந்தது நன்றே. ஆயினும் சீர்திருத்தம் என்ற பெயரில் நிகழ்ந்த பங்கீட்டில் தோட்டத் தொழிலாளிக்கு இடமிருக்கவில்லை. 1977ஆம் ஆண்டு, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வழங்கும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். மே 11ஆம் நாள் இப்பாதையின் அருகேயுள்ள டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இளைஞன் சிவனு லட்சுமணன் பலியானான். உல்லாசப் பயணிகள் டெவன் நீர்வீழ்ச்சியின் அழகை வியந்து செல்கின்றனர். அதே பெயருடைய தோட்டத்தில் நிலத்துக்காக ஓர் உயிர் போனதை அவர்களுக்கு யாரும் கூறுவதில்லை.

அதே 1975இல் உலகின் மறுகோடியில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஆஸ்திரேலியாவின் வடபுலத்தில், வேவ் ஹில் என்னும் பரந்த மேய்ச்சல் பண்ணையில் அற்பக் கூலிக்கு மாடு மேய்த்த குரிஞ்சி ஆதிகுடியினர், 1966இல் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் வேலையை விட்டு வெளியேறினர். கூலிப் போராட்டமாகத் தொடங்கியது நிலப் போராட்டமாக வளர்ந்தது. ஒன்பதாண்டுகளின் பின் பிரதமர் விட்லம் அங்கு சென்று, நிலத்தைத் திருப்பித் தருவதன் அடையாளமாக லிங்கியாரியின் கையில் மண்ணைச் சொரிந்தார். அங்கும் பெற்றது முழு உரிமையன்று, குத்தகையே. எனினும் உழைத்தவன் கையில் மண் வந்தது. இங்கோ மண் ஒரு முதலாளியிடமிருந்து மற்றொரு முதலாளிக்கு மாறியது. அந்த இரண்டாவது முதலாளியின் பெயர் அரசு என்பதே வேறுபாடு.

நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாவை அடைகின்றோம். இவ்வூரை வெள்ளையரின் உடல்நல வாசத்தலமாக்கியவர் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ். ஆனால் அவருக்கு முன்பே இம்மண்ணைத் தோண்டியவர்கள் இருந்தனர். 1848இல் இங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர், பள்ளத்தாக்கில் பழைய இரத்தினக் குழிகளைக் கண்டு எழுதியுள்ளார். கண்டி மன்னர் காலத்தில் இரத்தினம் அரசனுக்குரிய செல்வம். குழி தோண்டியவனுக்கு உரியதன்று. பேக்கரோ இங்கு ஓர் ஆங்கிலப் பண்ணையையே நிறுவ முனைந்தார். இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் டர்ஹம் இனப் பசுவையும் காளையையும் செம்மறிகளையும் தருவித்தார். கால்நடைகள் நோயால் மடிந்தன. பயிரைப் புழு தின்றது. 1855இல் அவர் தாயகம் திரும்பினார். அவருடைய நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. அதே மலைகளில் அதே காலத்தில் காடு வெட்டிய ஆயிரவரின் பெயர்ப் பட்டியலை எழுதி வைத்தவர் எவருமிலர்.

நுவரெலியாவிற்கு அப்பால் அம்பேவெலவை நோக்கிச் செல்லச் செல்லத் தேயிலை குறைந்து காடும் மரக்கறித் தோட்டங்களும் புல்வெளியும் தலைகாட்டுகின்றன. இம்மாற்றத்திற்குக் காரணம் குளிர் மாத்திரமன்று. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டலாகாது என்று தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் வழங்கிய அறிவுரையை அரசாங்கம் ஏற்றது. அதற்கு முன்பே விற்கப்பட்ட உயர்நிலங்கள் தேயிலையாயின. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி காடாகவே தப்பியது. ‘பட்டி’ என்னும் சொல் தமிழிலும் சிங்களத்திலும் கால்நடைகளை அடைக்குமிடத்தைக் குறிக்கும். அச்சொல்லைப் பெயரில் தாங்கிய பட்டிப்பொலவின் சுற்றுப்புறம் இன்றும் மேய்ச்சல் நாடாகவே விளங்குகின்றது. பேக்கர் தோற்ற இடத்திற்கு அண்மையில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் கால்நடைப் பண்ணைகளை அமைத்து வெற்றி கண்டது. அம்பேவெலப் பண்ணை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் கைக்கு மாறியது. இத்தனை புல்வளமிருந்தும் நாடு இன்னும் நியூசிலாந்தின் பால்மாவை நம்பியிருப்பது சிந்தனைக்குரியது. லயன்களை ஒட்டிய சிறு தொழுவங்களில் பசு வளர்க்கும் தொழிலாளிக்குப் புல் விதைக்கச் சொந்த நிலம் இல்லை என்பதும் அதனோடு சேர்த்துச் சிந்திக்கவேண்டியதே.

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். நானுஓயாவை 1885இல் எட்டிய இருப்புப்பாதை, மலைகளைக் குடைந்து 1893இல் அப்புத்தளையை அடைந்தது. பட்டிப்பொலவிற்கும் ஒஹியாவிற்கும் இடையே அது தன் உச்சியான 1,898 மீற்றர் உயரத்தைத் தொடுகின்றது. தேயிலைப் பெட்டிகளுக்காகவே இப்பாதை இவ்வளவு உயரம் ஏறியது. இன்று நீலப் பெட்டிகளின் வாயிலில் அமர்ந்து வெளிநாட்டார் படம் பிடிக்கும் இப்பாதையில், ஒவ்வொரு சுரங்கத்தின் முகப்பிலும் இலக்கம் பொறிக்கப்பட்டுள்ளது. பாறையை உடைத்தவனின் பெயர் பொறிக்கப்படவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோர் என்னும் இழிவை நீக்கியது. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெற்றவர்களும் உள்ளனர். இவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ் அடங்கும் என்பதையும், இம்மக்களின் முன்னோர் வெட்டித் திருத்தியவை இலட்சக்கணக்கான ஏக்கர்கள் என்பதையும் நினைவுகூர்வோமாயின், ஏழு பேர்ச்சஸ் எதன் எத்தனையாவது பங்கு என்பது விளங்கும். அதுவும் இன்னும் பெரும்பான்மையோரை எட்டவில்லை.

2023இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். முன்னோரின் பாதையை மீண்டும் நடந்தோருடன் சிங்கள, முஸ்லிம் மக்களும் சேர்ந்துகொண்டனர். நிலத்தை இழந்தவனும் நிலம் பெறாதவனும் ஒரே கொள்ளையின் இரு முகங்கள் என்பதை உணர்ந்த நடை அது. வகுப்பறைகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும் அதனைக் கற்கும் மாணவர்களும் இவ்வுணர்வைப் பாடமாக்குதல் வேண்டும். ஆளுநர்களின் பெயர்களோடு சிவனு லட்சுமணனின் பெயரும் அங்கு ஒலிக்கட்டும். இரத்தினம், கோப்பி, தேயிலை, பால் என்று இம்மலைகள் தந்த செல்வங்களின் பட்டியலைக் கூறும்போதெல்லாம், அவற்றைத் தந்த கைகளுக்கு நிலம் எங்கே என்ற வினாவையும் உடன் எழுப்புவதே நம் அனைவரின் கடமையாகும்.